325 எலும்புக்கூடுகளும் ஓர் ஓடுதளமும்



தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் செயின்ட் ஹெலினா என்றொரு தீவு இருக்கிறது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அது ஒரே வரியில் வந்துபோகும்: நெப்போலியனை நாடுகடத்தி வைத்திருந்த தீவு. 1815இல் கொண்டுபோனார்கள், 1821இல் அங்கேயே செத்தார். நமக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அந்தத் தீவில் வழக்கமான பயணிகள் விமானம் முதன்முதலாக வந்து இறங்கியது 2017 அக்டோபரில். ஆனால் அதற்கு முன்பே இங்கிலாந்துப் பத்திரிகைகள் அந்த விமானநிலையத்துக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிவிட்டன: உலகத்திலேயே உதவாக்கரையான விமானநிலையம்.

இந்தப் பட்டப்பெயரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பிறகு அந்த விமானநிலையத்துக்குச் சாலை போடுவதற்காகத் தோண்டியெடுக்கப்பட்ட 325 மனிதர்களைப் பற்றி. இரண்டும் தனித்தனிச் சங்கதிகள் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீவின் பரப்பளவு 120 சதுர கிலோமீட்டர் சொச்சம். மக்கள்தொகை சுமார் 4,500. நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய ஊராட்சி. ஆப்பிரிக்கக் கரை ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில். விமானம் வருவதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு கப்பல், ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா. கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம், சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. அரிசி, மருந்து, கடிதம், பிணப்பெட்டி எல்லாம் அதில்தான். தீவின் மருத்துவமனையில் தீராத நோய் என்றால் கப்பல் வரும் நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் தகப்பன் சாவுக்கு வந்து சேர முடியாது. இது ஏதோ பழைய காலத்துக் கதை இல்லை. 2017 வரைக்கும் இதுதான் நிலைமை.

2002இல் தீவு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள்: புதுக் கப்பல் வேண்டுமா, விமானநிலையம் வேண்டுமா? பத்தில் ஏழு பேருக்கு மேல் விமானநிலையம் என்றார்கள். 2005இல் லண்டன் ஒப்புக்கொண்டது. 2008இல் பொருளாதார நெருக்கடி என்று நிறுத்திவைத்தது. 2010இல் மறுபடி சரி என்றது. 2011 நவம்பரில் பேசில் ரீட் என்ற தென்னாப்பிரிக்கக் கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம். மொத்த மதிப்பு சுமார் 285 மில்லியன் பவுண்டு. பிராஸ்பரஸ் பே என்ற பொட்டல் வெளியில் இடம் போதவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பள்ளத்தாக்கையே ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும் கொட்டி நூறு மீட்டர் உயரத்துக்கு நிரப்பி, அதன்மேல் ஓடுதளம் போட்டார்கள்.

2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737 சோதனைக்காக வந்தது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைமுகட்டில் ஓடுதளம் தொடங்குவதால், காற்று அங்கே திடீரென்று திசையும் வேகமும் மாறி அடிக்கிறது. விமானிகளுக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது. அடுத்த மாதம் நடக்கவிருந்த திறப்புவிழா தள்ளிப்போடப்பட்டது. 1836இல் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வினே அந்தத் தீவின் பாறை விளிம்பில் காற்று எவ்வளவு விசித்திரமாக மேலெழும்புகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். 180 வருடம் கழித்து, கோடிக்கணக்கில் ஆலோசனைக் கட்டணம் கொடுத்த பிறகு, அது ஒரு புதுக் கண்டுபிடிப்பானது! அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு சம்பந்தப்பட்ட துறையைக் கிழித்துத் தொங்கவிட்டது. தீவு மக்களையும் வரி கட்டுகிறவர்களையும் சேர்த்து ஏமாற்றிவிட்டீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

அந்த விமர்சனம் நியாயமானது. பத்திரிகைகள் அடித்த கேலி வேறு ரகம். அவை 285 மில்லியனை 4,500ஆல் வகுத்தன. தலைக்கு 60,000 பவுண்டுக்கு மேல் வந்தது. இத்தனை பேருக்கு இத்தனை பணமா என்று சிரித்தன.

இந்த வகுத்தல் கணக்கை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? காலனிக்குப் போகிற வாய்க்கால் மேல் பாலம் கேட்டு மனு கொடுத்தால் ‘முப்பது வீட்டுக்காகவா?’ என்பார்கள். மலைக்கிராமத்துக்குச் சாலை கேட்டால் ‘எத்தனை ஓட்டு இருக்கு அங்கே?’ என்பார்கள். மயானத்துக்குப் பாதை கேட்டால் ‘வருஷத்துக்கு எத்தனை பேர் சாகப்போறீங்க?’ என்று கேட்கிற ஆளையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தலைக் கணக்குப் போடுவது எப்போதும் சிறு கூட்டத்தைப் பார்த்துத்தான். நகரத்தின் நடுவில் கட்டும் மேம்பாலத்துக்கு யாரும் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதில்லை.

சரி, இந்த 4,500 பேர் யார்? தங்களைச் ‘செயின்ட்ஸ்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் அந்தத் தீவைப் பிடித்து 1834 வரைக்கும் நடத்தியது. ஆம், சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். ஆளில்லாத தீவுக்கு அது சிப்பாய்களையும் குடியேறிகளையும் கொண்டுவந்தது. அவர்களுக்கு வேலை செய்ய மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தது. பிறகு சீனக் கூலிகளை. இவர்கள் எல்லோரும் கலந்து பிறந்தவர்கள்தான் இன்றைய செயின்ட்ஸ். 1673இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் கொடுத்த சாசனத்தில், இந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு உள்ள உரிமைகள் உண்டு என்று எழுதியிருந்தது. 1981இல் பிரிட்டன் புதுக் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அந்த உரிமையைப் பறித்தது. கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பிரிட்டனில் போய் வாழ்வதற்கோ உரிமை கிடையாது.

கவனியுங்கள், அதே சட்டத்தால் பாதிக்கப்பட்ட இன்னொரு தீவுக் கூட்டம் ஃபாக்லாந்து. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். 1982 போர் முடிந்த கையோடு 1983இல் தனிச் சட்டம் போட்டு அவர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள். செயின்ட் ஹெலினா மக்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 2002இல். பத்தொன்பது வருட வித்தியாசம். நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பக்கத்துத் தீவான அசென்ஷனில் ராணுவத் தளம் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள் செயின்ட்ஸ்தான். ஆனால் அசென்ஷனில் யாருக்கும் நிரந்தரமாக வாழும் உரிமை கிடையாது என்று 2006இல் பிரிட்டன் முடிவுசெய்தது. வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும்தான். இந்தியப் பெருங்கடலில் டியாகோ கார்சியாவில் இதைவிடச் சுருக்கமாக வேலையை முடித்தார்கள். அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968இலிருந்து 1973க்குள் சாகோஸ் தீவுகளின் மக்களையே அப்புறப்படுத்திவிட்டார்கள். ஒரு தீவில் ஓடுதளத்துக்காக மக்களை அகற்றுவது, இன்னொரு தீவில் மக்கள் கேட்ட ஓடுதளத்தைப் பல வருடம் இழுத்தடித்துவிட்டுப் பிறகு அவர்களையே கேலி செய்வது: இரண்டையும் செய்தது ஒரே அரசு.

ஆகவே அந்த விமானநிலையம் உதவாக்கரை என்று நான் சொல்லமாட்டேன். ஏர்லிங்க் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் சின்ன எம்ப்ரேயர் ஜெட் அங்கே போய்வருகிறது. காற்றுக்குப் பயந்து எடையைக் குறைக்க இருக்கைகளைக் காலியாக விட்டு, 76 பேரோடு பறக்கத் தொடங்கினார்கள். ஐந்து நாள் பயணம் அரை நாளுக்குள் சுருங்கியது. அவசர நோயாளியை விமானத்தில் கொண்டுபோக முடிகிறது. 2020இல் கொரோனாவுக்காகப் பயணிகள் விமானம் நின்றபோது இங்கிலாந்திலிருந்து தனி விமானம் வந்து இறங்கியது. ஆண்டுக்குச் சுமார் 30,000 சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், தீவு தன் காலில் நிற்கும், லண்டன் கொடுக்கும் மானியம் தேவைப்படாது என்று அதிகாரிகள் போட்ட கணக்குத்தான் பொய்த்தது. அந்தக் கணக்கைப் போட்டது தீவு மக்கள் அல்ல. சுகப்பிரசவத்துக்கும் சாவுக்கும் பயணம் போக வழி கேட்டவர்களிடம், சுற்றுலாவில் லாபம் காட்டு என்று நிபந்தனை போட்டால் அது யாருடைய தப்பு? பள்ளிக்கூடம் கேட்டால் ‘தேர்ச்சி விகிதம் என்ன வரும்?’ என்று முன்கூட்டியே கேட்கிற மாதிரி இருக்கிறது.

இனி அந்த 325 பேர்.

கட்டுமான எந்திரங்களும் எரிபொருளும் கடல்வழியாகத்தான் வர வேண்டும். அவற்றை இறக்க ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கின் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்து மலைமேல் ஓடுதளத்துக்கு 14 கிலோமீட்டர் சாலை. அந்தச் சாலையின் தடம் ஒரு இடுகாட்டின் மேல் போனது.

1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. ஆனால் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் ஆப்பிரிக்கர்களைக் கடத்தும் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிரிட்டிஷ் கடற்படை அவற்றைப் பிடித்தது. 1840இல் செயின்ட் ஹெலினாவில் இதற்கென்று ஒரு கடற்படை நீதிமன்றம் வைத்தார்கள். பிடிபட்ட கப்பல்களிலிருந்து அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் அந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள். காகிதத்தில் அவர்களுடைய பெயர் ‘விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள்’. கப்பலின் அடித்தட்டில் அடுக்கப்பட்டு வந்தவர்கள், பெரியம்மையோடும் வயிற்றுக்கடுப்போடும் வந்தவர்கள், ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் கூடாரங்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சுமார் 8,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிழைத்தவர்களில் பெரும்பாலானோரை என்ன செய்தார்கள் தெரியுமா? ஜமைக்காவுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி அனுப்பினார்கள். கரும்புத் தோட்டம் அப்படியேதான் இருந்தது. போய்ச் சேர்ந்தவனுடைய பெயர்தான் அடிமையிலிருந்து கூலி என்று மாறியிருந்தது.

சாலை வருகிறது என்பதால் 2008இல் தொல்லியல் குழு ஒன்று அந்த இடத்தின் ஒரு பகுதியைத் தோண்டியது. 325 முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. நூற்றுக்கு 83 பேர் குழந்தைகள், பதின்வயதினர், இளவயதினர். சவப்பெட்டியில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்தில் நான்கு, செத்துப் பிறந்த அல்லது பிறந்ததும் இறந்த சிசுக்கள். மற்றவர்களை ஆழமில்லாத குழியில் ஒருவர்மேல் ஒருவராகப் போட்டு மூடியிருந்தார்கள். சில குழிகளில் தாயும் பிள்ளையும் சேர்ந்து கிடந்தார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. சிலரிடம் பாசிமணி இருந்தது. கப்பலில் ஏற்றும்போது எல்லாவற்றையும் உருவியெடுத்த பிறகும் அந்த மணியை எப்படிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவர்களைக் கட்டிப் பெட்டியில் போட்டு, தலைநகரான ஜேம்ஸ்டவுனில் ஒரு பழைய கிடங்கில் வைத்தார்கள். தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகம் 2022 ஆகஸ்ட் வரை நீண்டது. பதினான்கு வருடம். அதற்குள் சாலை போட்டு முடித்தார்கள். எரிபொருள் கிடங்கு கட்டினார்கள். ஓடுதளம் கட்டினார்கள், விமானம் இறங்கியது, திறப்புவிழா தள்ளிப்போனதற்கு நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. ஓடுதளம் வரும் இடத்தில் வாழும் ‘ஒயர்பேர்ட்’ என்கிற, அந்தத் தீவில் மட்டுமே இருக்கிற பறவைக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் போட்டார்கள். பறவையைக் காப்பாற்றியது நல்ல காரியம்தான், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. எலும்புகளுக்கும் ஒரு தேதி குறித்திருக்கலாம் என்கிறேன்.

அந்தத் தீவில் ஒரு கல்லறைக்கு மட்டும் வேலி, பூச்செடி, பராமரிப்பு எல்லாம் உண்டு. அது நெப்போலியனுடையது. உள்ளே ஆள் இல்லை. 1840இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உடலைத் தோண்டியெடுத்து ராஜமரியாதையோடு பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் அந்தக் காலிக் குழி இருக்கும் நிலம் பிரான்சு நாட்டுக்குச் சொந்தமாக்கப்பட்டு இன்றுவரை காக்கப்படுகிறது. அவர் உடலைக் கொண்டுபோன அதே 1840இல்தான் அடிமைக் கப்பல்கள் வந்து இறங்கத் தொடங்கின. ஆள் இல்லாத ஒரு குழிக்கு வேலி. ஆயிரக்கணக்கானோர் கிடக்கும் பள்ளத்தாக்கின்மேல் 1980களில் மின்நிலையம். அப்போதும் எலும்புகள் வெளியே வந்தன. அதற்குப் பிறகு விமான எரிபொருள் தொட்டி.

இந்த விஷயம் வெளியே தெரிந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு பெண். நமீபியாவில் பிறந்த அன்னினா வான் நீல், விமானநிலையத் திட்டத்தில் சுற்றுச்சூழல் அதிகாரியாக வேலைக்கு வந்தவர். வேலையின் ஊடாக இந்த எலும்புகளைப் பற்றித் தெரிந்துகொண்டு, அவர்களுக்கு மரியாதையான அடக்கம் வேண்டும் என்று தீவில் பேசத் தொடங்கினார். நியூயார்க்கிலிருந்து பெகி கிங் ஜோர்ட் துணைக்கு வந்தார். 2022இல் வெளியான ‘எ ஸ்டோரி ஆஃப் போன்ஸ்’ என்ற ஆவணப்படம் இந்தப் போராட்டத்தைக் காட்டுகிறது. கிடைத்தால் உங்கள் வாசிப்பு வட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

நியூயார்க் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991இல் மன்ஹாட்டனில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கறுப்பின மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. முதலில் அங்கேயும் வேலையை நிறுத்தாமல் ஓட்டத்தான் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கினார்கள். வேலை நின்றது, திட்டம் மாறியது. 419 பேரின் எச்சங்கள் ஆய்வுக்குப் பிறகு 2003இல் அதே இடத்தில் திரும்ப அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அது தேசிய நினைவிடமானது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் ஒருவர்தான் பெகி கிங் ஜோர்ட். நியூயார்க்கில் ‘இவர்கள் எங்கள் முன்னோர்’ என்று சொல்ல லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். செயின்ட் ஹெலினாவில் அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்? பிழைத்தவர்களை ஏற்றுமதி செய்துவிட்டார்கள். தீவில் தங்கியவர்கள் சிலநூறு பேர்தான். 2023இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, தோண்டியெடுத்தவர்களில் 20 பேர் வடக்கு அங்கோலாவுக்கும் காபோனுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்கிறது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

தீவு மக்களுக்கும் இந்த எலும்புகளோடு எளிதான உறவு இல்லை. தங்கள் உடம்பில் ஓடும் அடிமை ரத்தத்தைப் பற்றிப் பேசாமலே பல தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. ஆட்சி செய்தவன் எழுதிய வரலாற்றில் நெப்போலியன் வீடு இருந்தது, ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பட்டணத்தில் வேலைக்குப் போனபின் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லும் நம் அண்ணன்களையும் அக்காக்களையும் நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

‘இதெல்லாம் சரி, எங்கோ இருக்கும் தீவுக்கும் நமக்கும் என்ன?’ என்று ஒரு தம்பி கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பதில் ஒரு சட்டப்பிரிவில் இருக்கிறது.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. சாம்ராஜ்யம் முழுக்க அடிமைமுறை ஒழிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவைப் படியுங்கள். மூன்று இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள். இரண்டு, சிலோன். மூன்று, செயின்ட் ஹெலினா தீவு. ஒரே வாக்கியத்தில் மூன்றையும் சேர்த்து விலக்கியிருக்கிறார்கள்.

செயின்ட் ஹெலினாவைப் பொறுத்தவரை அதற்குள் அங்கே வேறு வழியில் விடுதலை நடந்துகொண்டிருந்தது. 1818 கிறிஸ்துமஸுக்குப் பிறகு அடிமைக்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என்று அறிவித்திருந்தார்கள். 1827இல் மற்றவர்களைப் படிப்படியாக விடுவிக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஆனால் ‘கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள்’ என்ற சொல்லுக்குள் இருந்தவர்கள் யார்? தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் திருநெல்வேலியிலும் மலபாரிலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, அடகுவைக்கப்பட்ட பறையர், பள்ளர், புலையர், செறுமர். நம் பாட்டன் பாட்டிகள். அது அடிமைமுறையே இல்லை, பண்ணைக்கும் பண்ணையாளுக்கும் உள்ள பழக்கவழக்கம், உள்ளே நுழைந்தால் வரி வசூல் பாதிக்கும் என்பது கம்பெனி அதிகாரிகளின் போக்கு. 1843இல்தான் இந்தியாவில் ஐந்தாம் எண் சட்டம் வந்தது. அதுவும் யாரையும் நேரடியாக விடுதலை செய்யவில்லை. நீதிமன்றங்கள் அடிமைச் சொத்துரிமையை ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862இல். அங்கே எஜமானர்களுக்கு நஷ்டஈடாக இரண்டு கோடி பவுண்டு கொடுத்தார்கள். அங்கேயும் சரி, இங்கேயும் சரி, விடுதலையானவர்களுக்கு ஒரு குழி நிலமும் கொடுக்கவில்லை.

அந்தக் கடலிலேயே இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1838க்குப் பிறகு கல்கத்தாவிலிருந்தும், 1845இலிருந்து சென்னையிலிருந்தும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் கூலிக் கப்பல்கள் போயின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் அந்தக் கப்பல்கள் குடிநீருக்கும் காய்கறிக்கும் செயின்ட் ஹெலினாவில் நிற்பது வழக்கம். சென்னையில் ஏறியவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து போனவர்கள். கப்பல் ஜேம்ஸ்டவுனில் நங்கூரமிட்டிருந்த நேரத்தில் ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர் பிழைத்த காங்கோப் பையனும் செங்கல்பட்டுப் பறையரும் ஒரே கரும்புக்காட்டில் போய் இறங்கியிருக்கக்கூடும்.

அண்ணல் அம்பேத்கர் அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். அடிமை எஜமானனுக்குச் சொத்து. சொத்து கெட்டுப்போனால் நஷ்டம். ஆகவே அவனுக்குச் சோறு போடவும் வைத்தியம் பார்க்கவும் எஜமானனுக்கு ஒரு காரணம் இருந்தது. தீண்டப்படாதவன் செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கை நினைக்கும்போது இந்த வாதம் எனக்கு வேறு விதமாகப் புரிகிறது. கப்பலில் இருந்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு விலை இருந்தது. ‘விடுவிக்கப்பட்ட’ நாளிலிருந்து விலையும் போனது, பொறுப்பேற்கவும் ஆள் இல்லை. நிலமில்லாமல், கூலியில்லாமல், ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் கொடுத்த விடுதலை அது. 1843இல் நமக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதேதான்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் நம்மவர் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மயானத்துக்குப் போகிற பாதையை நிலத்துக்காரர்கள் மறித்ததால். அந்தக் காணொலியைப் பார்த்துத்தான் உயர் நீதிமன்றமும் கேள்வி கேட்டது. நம் மாநிலத்தில் விமானநிலையம், நான்குவழிச் சாலை, சிப்காட், மின்பாதை என்று எது வந்தாலும் முதலில் தடம் போடப்படுவது புறம்போக்கில். நம் இடுகாடுகள் பெரும்பாலும் புறம்போக்கில்தான் இருக்கின்றன. ஓடைக்கரையிலும் ஏரி உள்வாயிலும் நம்மைப் புதைக்கச் சொன்னது ஊர்தான். ஆனால் கணக்கில் அது ஓடை, அது ஏரி. மயானம் என்று எழுதியிருக்காது. நாளைக்கு ஒரு பொக்லைன் வந்து நின்றால், அங்கே யாரும் புதைக்கப்படவில்லை என்று சொல்லக் காகிதம் அவர்களிடம் தயாராக இருக்கும். ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் இடுகாடு இருப்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரிந்திருந்தும் இந்தக் கதி. தெரியாது என்று சொல்லும் வசதி இருந்தால் என்ன ஆகும்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்ச் சேரியின் மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். என்ன வகைப்பாடு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடை, ஏரி, மேய்ச்சல், தரிசு என்று இருந்தால் மயானமாக வகைமாற்றம் கேட்டு வட்டாட்சியருக்கு மனு போடுங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பாதை எந்தப் புல எண் வழியாகப் போகிறது, அது பட்டா நிலமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரியவர்களை உட்காரவைத்து யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் வேறு எந்தக் காகிதத்திலும் கிடையாது.